நரம்பு முனைப் புரதங்கள் ஒரு சினாப்ஸை எப்படி உருவாக்குகின்றன: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

சினாப்ஸ் என்பது ஒரு நரம்புச் செல் இன்னொரு நரம்புச் செல்லுக்கோ தசைக்கோ செய்தியைக் கடத்தும் சந்திப்பு. அது எப்படி உருவாகிறது என்று உயிரியல் படித்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். நரம்பு வளர்ந்து வந்து தசையைத் தொடுகிறது, முனையிலிருந்து ஒரு புரதத்தைச் சுரக்கிறது, அது பட்ட இடத்தில் தசை தன் ஏற்பிகளை, அதாவது நரம்பின் செய்தியைப் பிடிக்கும் புரதங்களை, குவிக்கிறது, முடிந்தது. 1990களின் நடுப்பகுதி வரை ஆராய்ச்சியாளர்களும் ஏறக்குறைய இப்படித்தான் நினைத்தார்கள். அப்புறம் வந்த எலிச் சோதனைகள் இந்தக் கதையின் வரிசையைக் கலைத்துப் போட்டுவிட்டன. நரம்பு முனையிலிருந்து வரும் புரதங்களில் பல, சினாப்ஸைக் கட்டுவதைவிடக் கட்டியது கலையாமல் காப்பதற்குத்தான் அதிகம் உழைக்கின்றன. எது கட்டுகிறது, எது காக்கிறது என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொண்டே வந்தால் இந்தப் பாடம் குழப்பாது. கேட்காமல் புரதப் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்தால் நாலு நாளில் மறந்துவிடும்.

உதாரணத்துக்கு நரம்பும் தசையும் சேரும் இடத்தையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன். மூளைக்குள் இருக்கும் சினாப்ஸ்கள் மிகச் சிறியவை, நெருக்கமானவை. தசையில் இருப்பது பெரியது, ஒரு தசை இழைக்கு ஒன்றுதான், இருக்கும் இடமும் தெரியும். இந்தத் துறையில் உறுதியாகத் தெரிந்த விஷயங்களில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வந்தன.

படி 1: முதலில் இடத்தை வரைந்துகொள்ளுங்கள்

ஒரு தாளை எடுத்து மூன்று அடுக்குகளாக வரையுங்கள். மேலே நரம்பு முனை: அதற்குள் அசிட்டைல்கோலின் என்ற செய்தி ரசாயனம் நிரம்பிய நுண்பைகள், அவை சவ்வோடு ஒட்டிக் காத்திருக்கும் ஆக்டிவ் ஜோன் என்ற இடம், பக்கத்திலேயே கால்சியம் வாயில்கள் (இவை வழியே கால்சியம் நுழைந்தால்தான் நுண்பை திறக்கும்). கீழே தசைச் சவ்வு: அதில் அசிட்டைல்கோலின் ஏற்பிகள். இரண்டுக்கும் நடுவே இடைவெளி, அந்த இடைவெளிக்குள் தசை இழையைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் புரத உறை. பலர் இந்த உறையை வரையாமல் விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் அடுத்த படி புரியாது.

ஒரு எண்ணையும் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முதிர்ந்த தசையில் நரம்பு முனைக்கு நேர் கீழே ஒரு சதுர மைக்ரோமீட்டருக்குச் சுமார் 10,000 ஏற்பிகள் இருக்கும். சற்றுத் தள்ளிப் போனால் அதே பரப்பில் பத்துகூடத் தேறாது. ஒரே செல், ஒரே சவ்வு, ஆனால் ஆயிரம் மடங்கு வித்தியாசம். இது எப்படி வருகிறது என்பதுதான் கேள்வி.

இந்த ஏற்பிகளை எண்ண முடிந்ததற்கு ஒரு பாம்புக்கு நன்றி சொல்ல வேண்டும். 1963ல் தைவானில் சாங், லீ என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்குள்ள ஒருவகைக் கட்டுவிரியனின் விஷத்திலிருந்து ஆல்பா-பங்காரோடாக்சினைப் பிரித்தெடுத்தார்கள். அது அசிட்டைல்கோலின் ஏற்பியைப் பிடித்தால் விடாது, அதனால் அதில் ஒளிரும் சாயத்தை ஏற்றிவிட்டால் ஏற்பி இருக்கும் இடமெல்லாம் நுண்ணோக்கியில் மின்னும். நம் ஊர்க் கட்டுவிரியனும் அதே பேரினம்தான். அந்த விஷத்தில் நரம்பு முனையையே தாக்கி நுண்பைகளைக் காலி செய்யும் வேறு நச்சும் இருப்பதால்தான் கடிபட்டவர் விஷமுறிவு மருந்து ஏறிய பிறகும் நாள்கணக்கில் வென்டிலேட்டரில் இருக்க நேர்கிறது. முனை திரும்பச் சரியாகிற வரை வேறு வழி இல்லை.

படி 2: செய்தி உறையில் இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்தத் துறையில் இதைவிட அழகான சோதனை அதிகம் கிடையாது என்பது என் கருத்து.

ஜாக் மக்மஹனின் ஆய்வுக்கூடத்தில் தவளையின் மார்புத் தசையை எடுத்துக்கொண்டார்கள். நரம்பையும் தசை இழையையும் சிதைத்துவிட்டால் இரண்டும் அழுகிக் கரைந்துபோகும், ஆனால் அந்தப் புரத உறை மட்டும் காலியான குழாய் போல நிற்கும். 1978ல் தசை திரும்ப வளராதபடி கதிர்வீச்சால் தடுத்துவிட்டு நரம்பை மட்டும் வளரவிட்டார்கள். தசையே இல்லாத காலி உறையில் நரம்பு சரியாகப் பழைய சினாப்ஸ் இருந்த இடத்துக்கே வந்து நின்று, அங்கே ஆக்டிவ் ஜோனையும் அமைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு இதை மாற்றிச் செய்தார்கள். நரம்பை வரவிடாமல் தடுத்துத் தசையை மட்டும் வளரவிட்டபோது, புதுத் தசை தன் ஏற்பிகளைப் பழைய சினாப்ஸ் இருந்த இடத்திலேயே குவித்தது.

அதாவது இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய செய்தி உறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது என்ன மூலக்கூறு என்று தேட நிறையச் சினாப்ஸ் உள்ள பொருள் வேண்டும், தவளைத் தசையில் அது போதாது. அதற்காக டார்பீடோ என்ற மின்திருக்கை மீனைப் பிடித்தார்கள். அதன் மின் உறுப்பு தசையிலிருந்து வந்தது, உள்ளே அடுக்கடுக்காக அசிட்டைல்கோலின் சினாப்ஸ்கள். அதிலிருந்து 1980களில் பிரித்தெடுத்த புரதம்தான் அக்ரின். வளர்ப்புத் தட்டில் உள்ள தசைச் செல்கள் மேல் அதை ஊற்றினால் சிதறிக் கிடந்த ஏற்பிகள் திட்டுத் திட்டாகக் கூடின. 1990ல் மக்மஹன் இதை ஒரு கருதுகோளாகவே முன்வைத்தார்: இயக்க நியூரான் (தசையை இயக்கும் நரம்புச் செல்) அக்ரினைத் தயாரித்து, ஆக்சான் என்ற தன் நீண்ட இழை வழியாக முனைக்கு அனுப்பி, இடைவெளியில் சுரந்து, உறையில் பதிய வைக்கிறது, அதைப் பார்த்துத் தசை ஏற்பிகளைக் குவிக்கிறது.

படி 3: அக்ரினிலிருந்து ஏற்பி வரை உள்ள சங்கிலி

தசையும் அக்ரின் தயாரிக்கும் என்பதால் ஒரு சிக்கல் வருகிறது. அப்படியானால் நரம்பின் அக்ரினுக்கு என்ன தனிச்சிறப்பு? நியூரான் அந்த மரபணுச் செய்தியை வெட்டி ஒட்டும்போது தசை செய்யாத ஒன்றைச் செய்கிறது, ஓர் இடத்தில் 8, 11 அல்லது 19 அமினோ அமிலங்களைக் கூடுதலாகச் செருகுகிறது. அந்தச் சின்னத் துண்டு இருந்தால் ஏற்பிகளைக் குவிக்கும் திறன் சுமார் ஆயிரம் மடங்கு கூடிவிடுகிறது. 'தசையில்தான் அக்ரின் ஏற்கெனவே இருக்கிறதே' என்று யாராவது மடக்கினால் இதுதான் பதில்.

இனி சங்கிலி. 1996ல் மஸ்க் என்ற தசைச் சவ்வுப் புரதம் இல்லாத எலிகளையும் அக்ரின் இல்லாத எலிகளையும் பற்றிய முடிவுகள் வெளிவந்தன. இரண்டு வகை எலிகளும் மூச்சுவிட முடியாமல் பிறக்கும்போதே இறந்தன. உதரவிதானத்தில் ஒழுங்கான சினாப்ஸ் இல்லை, நரம்புகள் நிற்க இடம் தெரியாமல் தசை முழுக்க அலைந்தன. எனவே அக்ரின் மஸ்க்கை இயக்குகிறது என்பது தெளிவு, ஆனால் அக்ரின் மஸ்க்கை நேரடியாகப் பிடிக்கவில்லை. நடுவே தசையில் இன்னொருவர் இருக்க வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள், ஆளைக் கண்டுபிடிக்க 2008 ஆகிவிட்டது. அது எல்ஆர்பி4.

வரிசையை இப்படி எழுதிக்கொள்ளுங்கள். நரம்பு முனை அக்ரினைச் சுரக்கிறது, அக்ரின் தசைச் சவ்வில் உள்ள எல்ஆர்பி4-ஐப் பிடிக்கிறது, எல்ஆர்பி4 பக்கத்தில் இருக்கும் மஸ்க்கை விழிக்க வைக்கிறது, விழித்த மஸ்க் தன் மேலேயே பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கிறது, தசைக்குள்ளிருந்து டாக்7 என்ற புரதம் வந்து மஸ்க்கின் வாலைப் பிடித்து அதை இன்னும் முடுக்கிவிடுகிறது, கடைசியில் ராப்சின் என்ற புரதம் ஏற்பிகளை ஒன்றோடொன்று கட்டிச் செல்லின் எலும்புக்கூட்டோடு பிணைக்கிறது. இந்த வரிசையில் நரம்பு முனையிலிருந்து வருவது அக்ரின் ஒன்றுதான், மற்றதெல்லாம் தசையின் சொந்தச் சரக்கு என்பதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். அடுத்த படியே அதில்தான் நிற்கிறது.

படி 4: நரம்பு வருமுன் தசையைப் பாருங்கள்

2001ல் வந்த அதிர்ச்சி இது. நரம்பே போய்ச் சேராத எலிக் கருக்களை உருவாக்கி உதரவிதானத்தைப் பார்த்தார்கள். ஏற்பிகள் சிதறிக் கிடக்கும் என்று எதிர்பார்த்தால், தசையின் நடுப்பட்டையில், வழக்கமாகச் சினாப்ஸ் வரும் அதே பகுதியில், திட்டுத் திட்டாகக் கூடியிருந்தன. நரம்பு இல்லை, நரம்பின் அக்ரினும் இல்லை. ஆனால் மஸ்க், எல்ஆர்பி4, டாக்7, ராப்சின் இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தத் திட்டுகள் வருவதில்லை.

ஆக, தசை தானாகவே 'இங்கே எங்காவது வரும்' என்று ஒரு முன்வரைவைப் போட்டு வைத்துக் காத்திருக்கிறது. எல்ஆர்பி4-ஆல் அக்ரின் இல்லாமலேயே மஸ்க்கை ஓரளவு இயக்க முடியும் என்பதால் இது நடக்கிறது.

இதை வைத்துக்கொண்டு பழைய அக்ரின் நீக்கிய எலியைத் திரும்பப் பாருங்கள். பிறக்கும் நேரத்தில் பார்த்தால் திட்டுகள் பெரும்பாலும் இல்லை, அதனால்தான் 'அக்ரின் இல்லாமல் கட்ட முடியாது' என்ற முடிவுக்கு எல்லாரும் போனார்கள். ஆனால் அதே எலியைக் கருவின் 14ஆம் நாள் வாக்கில் பார்த்தால் திட்டுகள் இருக்கின்றன! 18ஆம் நாளுக்குள் கலைந்துபோகின்றன. கட்ட முடியாமல் போகவில்லை, கட்டியது நிற்கவில்லை. எந்த நாளில் பார்த்தோம் என்பதைப் பொறுத்து முடிவே மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

படி 5: கலைப்பது யார் என்று தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

நரம்பே இல்லாவிட்டால் திட்டுகள் நிற்கின்றன. நரம்பு இருந்து அக்ரின் இல்லாவிட்டால் திட்டுகள் கலைகின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே முடிவுதான் சாத்தியம்: நரம்பு முனையிலிருந்து கலைக்கும் ஏதோ ஒன்றும் வருகிறது. யார் அந்த ஆள் என்று பார்த்தால், சினாப்ஸின் நாயகனான அசிட்டைல்கோலினேதான்.

நிரூபித்த விதம் எளிமையானது. அசிட்டைல்கோலினைத் தயாரிக்கும் நொதியின் மரபணுவை நீக்கினார்கள், அந்த எலிக் கருக்களில் ஏற்பித் திட்டுகள் குறையவில்லை. அப்புறம் அந்த நொதியையும் அக்ரினையும் சேர்த்தே நீக்கினார்கள், 2005ல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியே வெளியிட்டன. அக்ரின் மட்டும் இல்லாத எலியில் கலைந்துபோன திட்டுகள், அக்ரினும் அசிட்டைல்கோலினும் இரண்டுமே இல்லாத எலியில் நின்றன. நரம்புகளும் அவற்றின் மேல் வந்து அமர்ந்தன. ஏற்பிகளைக் குவிக்க அவசியம் என்று ஊர் உலகமே நம்பிய புரதம் இல்லாமலேயே சினாப்ஸ் போன்ற அமைப்புகள் உருவாகிவிட்டன.

இயங்கும் விதம் இப்படி. முனை அசிட்டைல்கோலினை உமிழ்கிறது, தசை முழுக்க மின்தூண்டல் பரவுகிறது, அந்தத் தூண்டல் தசைக்குள் சிடிகே5 போன்ற நொதிகளை எழுப்பி ஏற்பித் திட்டுகளைக் கலைக்கச் சொல்கிறது. கலை என்ற உத்தரவு தசை முழுக்கப் போகிறது, காப்பாற்று என்ற உத்தரவு அக்ரின் பதிந்திருக்கும் இடத்தில் மட்டும் கிடைக்கிறது. வயல் முழுக்கக் களைக்கொல்லி அடித்துவிட்டு நட்ட பயிரை மட்டும் மூடிவைப்பது போன்ற ஏற்பாடு. முனை இருக்கும் இடம் தப்பிக்கிறது, தசை தானாகப் போட்டு வைத்த மற்ற முன்வரைவெல்லாம் அழிகிறது. ஒரே முனை, இரண்டு எதிரெதிர் செய்திகள், அந்த ஆயிரம் மடங்கு வித்தியாசத்தில் பெரும்பங்கு இப்படித்தான் வருகிறது.

மிச்சப் பங்கு இருக்கிறது. சினாப்ஸுக்கு அடியில் உள்ள தசை உட்கருக்கள் ஏற்பி மரபணுக்களை அதிகமாக வாசிக்கின்றன, தள்ளியிருக்கும் உட்கருக்கள் அவற்றை மூடி வைக்கின்றன. இதற்கும் நரம்பு முனையிலிருந்து வரும் நியூரெகுலின்தான் காரணம் என்று வெகுகாலம் சொல்லப்பட்டது, தசையில் அந்தச் சமிக்ஞையைத் துண்டித்த எலிகளிலும் சினாப்ஸ் ஏறக்குறைய சரியாகவே அமைந்ததைப் பார்த்த பிறகு அந்த வாதம் வலுவிழந்துவிட்டது. இன்னும் சில பழைய நூல்களில் நியூரெகுலினை அக்ரினுக்குச் சமமாக வைத்து எழுதியிருப்பார்கள், பார்த்தால் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். ஏற்பிகளும் முதிர்கின்றன: கருவில் ஒரு ஏற்பியின் அரை ஆயுள் ஒரு நாள் அளவு, முதிர்ந்த சினாப்ஸில் சுமார் பத்து நாள். பிறந்த முதல் சில வாரங்களில் ஏற்பியின் காமா என்ற துண்டு (துணை அலகு) போய் எப்சிலான் என்ற துண்டு வருகிறது. கடைசிப் படியில் இந்த எப்சிலான் திரும்ப வரும்.

படி 6: இப்போது திசையை மாற்றுங்கள், நரம்பு முனை எப்படி முனையாகிறது?

இதுவரை முனை பேச, தசை கேட்டது. வளர்ந்துகொண்டிருக்கும் ஆக்சானின் நுனியில் இருப்பது வளர்முனை, அதன் வேலை ஊர்வது. அது நின்று, ஊர்வதை விட்டுவிட்டு, சுரக்கும் முனையாக மாற வேண்டும். வளர்முனை தசையைத் தொடுமுன்னரே அசிட்டைல்கோலினைக் கசியவிடுகிறது என்று 1983லேயே பார்த்துவிட்டார்கள், அதாவது சுரக்கும் கருவி ஓரளவு முன்பே தயார். ஆனால் கசிவது வேறு, மில்லிநொடிக் கணக்கில் குறிவைத்துச் சுடுவது வேறு.

நிற்கச் சொல்வது தசை. எல்ஆர்பி4-க்கு இங்கே இரண்டாவது வேலை இருக்கிறது: அக்ரினைக் கேட்கும் அதே புரதம், தசைப் பரப்பிலிருந்து ஆக்சானைப் பிடித்து 'இங்கேயே நில்' என்றும் சொல்கிறது. 2012ல் வெளியான சோதனையில் எல்ஆர்பி4 கொண்ட தசையல்லாத செல்களைக் கொடுத்தபோதுகூட இயக்க நியூரானின் ஆக்சான் அவற்றின் மேல் நுண்பைகளைக் குவித்தது.

அப்புறம் உறையில் உள்ள லேமினின் பீட்டா2. தசை சுரக்கும் இந்தப் புரதம் நரம்பு முனையில் உள்ள கால்சியம் வாயில்களை வெளியிலிருந்து நேரடியாகப் பிடிக்கிறது, பிடிபட்ட வாயில்களைச் சுற்றி ஆக்டிவ் ஜோன் அமைகிறது. பீட்டா2 இல்லாத எலிகளில் முனைகள் உருவாகின்றன, ஆனால் ஆக்டிவ் ஜோன்கள் மிகக் குறைவு, முனையைப் போர்த்த வேண்டிய ஷ்வான் செல்கள் இடைவெளிக்குள்ளேயே நுழைந்துவிடுகின்றன. அந்த எலிகள் பிறந்து சில வாரங்களில் இறந்துவிடுகின்றன. காலி உறைக்கு நரம்பு திரும்பி வந்து ஆக்டிவ் ஜோன் அமைத்ததே, அந்த 1978 தவளைச் சோதனைக்கு விடையின் ஒரு பகுதி இதில் இருக்கிறது.

படி 7: மூளைக்குள் அதே கேள்வியைக் கேளுங்கள்

மூளையில் நடுவே தடித்த உறை கிடையாது. இரண்டு பக்கச் சவ்வுகளும் நேருக்கு நேர் கைகோத்துக்கொள்கின்றன. நரம்பு முனைப் பக்கத்தில் நியூரெக்சின், எதிர்ப்பக்கத்தில் நியூரோலிஜின் என்பது எல்லாரும் படிக்கும் ஜோடி. நியூரெக்சினைக் கண்டுபிடித்ததும் ஒரு விஷத்தால்தான், கருப்பு விதவைச் சிலந்தியின் லாட்ரோடாக்சின் எதைப் பிடிக்கிறது என்று தாமஸ் சூட்ஹாஃப் குழு தேடியபோது 1992ல் கிடைத்தது.

2000ல் வந்த சோதனை பிரமாதமானது. நியூரானே அல்லாத செல்லில் நியூரோலிஜினை வைத்து ஆக்சானைத் தொடவிட்டால் போதும், ஆக்சான் அந்த இடத்தில் நுண்பைகளைச் சேர்த்து முனையாகிவிடுகிறது. நான்கு ஆண்டு கழித்து மறுபக்கம்: நியூரெக்சினைத் தாங்கிய செல்லைக் கொடுத்தால் எதிரே உள்ள நியூரான் ஏற்பிகளைக் குவித்தது. ஆக இதுதான் கட்டும் புரதம் என்று எல்லாரும் கொண்டாடினார்கள்.

ஆனால் நீக்கிப் பார்த்தபோது கதை வேறு. ஆல்பா நியூரெக்சின்கள் மூன்றையும் நீக்கிய எலிகளில் சினாப்ஸ்கள் இருந்தன, கால்சியம் வாயில்கள் சரியாக வேலை செய்யாததால் முனையின் செய்தி ரசாயனங்கள் ஒழுங்காக வெளியேறவில்லை. நியூரோலிஜின் மூன்றையும் நீக்கிய எலிகளிலும் சினாப்ஸ் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை, வேலைதான் கெட்டது, பிறந்ததும் இறந்தன. இதை ஒரு விதியாகவே குறித்துக்கொள்ளலாம்: ஒரு புரதத்தைச் சேர்த்தால் சினாப்ஸ் வருகிறது என்பது, அது இல்லாமல் சினாப்ஸ் வராது என்று ஆகிவிடாது. ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது முதலில் இதைப் பிரித்துக்கொள்ளுங்கள், சேர்த்துப் பார்த்தார்களா, நீக்கிப் பார்த்தார்களா? நீக்கியிருந்தால் எந்த வயதில் பார்த்தார்கள், சினாப்ஸ்களை எண்ணினார்களா அல்லது அவை கடத்துகின்றனவா என்று அளந்தார்களா? தலைப்பில் 'அவசியம்' என்று போட்டிருந்தால் எதற்கு அவசியம் என்று உள்ளே தேடுங்கள்.

விதிக்கு விலக்கும் உண்டு, அது சிறுமூளையில். அங்கே உள்ள கிரான்யூல் செல்கள் என்ற சிறு நியூரான்களின் முனைகள் செரிபெல்லின்-1 என்ற புரதத்தைச் சுரக்கின்றன, அது ஒரு பக்கம் நியூரெக்சினையும் மறுபக்கம் பர்கின்ஜி செல் என்ற பெரிய நியூரானில் உள்ள டெல்டா-2 ஏற்பியையும் பிடித்து நடுவில் பாலமாக நிற்கிறது. இதை நீக்கினால் அந்த வகைச் சினாப்ஸ்களில் பெரும்பகுதி உண்மையிலேயே காணாமல் போகிறது, எலி தள்ளாடுகிறது. வளர்ந்த எலிக்கு அந்தப் புரதத்தை ஊசியில் ஏற்றினால் ஓரிரு நாளில் சினாப்ஸ்கள் திரும்ப வந்து நடையும் தேறுகிறது. புரதம் கரைந்து தீர்ந்ததும் பழையபடி ஆகிவிடும். ஆக, எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒற்றைச் சூத்திரம் இல்லை.

முனைக்குள் ஆக்டிவ் ஜோன் சேரும் விதமும் பார்க்க வேண்டியது. பசூன், பிக்கோலோ என்ற இரண்டு ராட்சதப் புரதங்கள் நியூரானின் உடல் பகுதியிலிருந்தே சுமார் 80 நானோமீட்டர் அகலமுள்ள நுண்பைகளில் கட்டுச்சாதம் மாதிரி முன்கூட்டியே பொதியப்பட்டு ஆக்சானில் பயணிக்கின்றன, தொடர்பு கிடைத்த இடத்தில் ஒருசில பொதிகள் இறங்கினாலே ஒரு ஆக்டிவ் ஜோனுக்குப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வளர்ப்புத் தட்டில் பார்த்தால் முனைப் பக்கம் முதலில் தயாராகிறது, எதிர்ப்பக்கம் ஏற்பிகள் கொஞ்சம் பிந்தி வருகின்றன. ரிம், எல்க்ஸ் என்ற இரண்டு ஆக்டிவ் ஜோன் புரதக் குடும்பங்களைச் சேர்த்து நீக்கினால் ஆக்டிவ் ஜோன் குலைகிறது. அப்போதும் சினாப்ஸ் நிற்கத்தான் செய்கிறது.

படி 8: வெளியீட்டையே முழுசாக நிறுத்திப் பாருங்கள்

சரி, மூளை முழுக்க எந்த முனையும் எதையும் உமிழாவிட்டால் என்ன ஆகும்? மங்க்18-1 என்ற புரதம் இல்லாவிட்டால் நுண்பை சவ்வோடு இணையவே முடியாது, தூண்டினாலும் வராது, தானாகவும் கசியாது. 2000ல் இந்த எலிகளை ஆராய்ந்தபோது பிறப்பு வரை மூளையின் அடுக்குகள், நரம்புப் பாதைகள், பார்த்தால் அடையாளம் தெரிகிற சினாப்ஸ்கள் எல்லாம் அமைந்திருந்தன. மூச்சுவிட முடியாததால் அந்தக் குட்டிகள் பிறந்ததும் இறந்தன. ஆனால் முன்பே அமைந்துவிட்ட மூளைப் பகுதிகளில், சினாப்ஸ்கள் அமைந்த பிறகு நியூரான்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன.

அக்ரினில் பார்த்ததேதான் இங்கேயும். முதலில் அமைகிறது, பிறகு நிற்க முடியவில்லை. வெளியேற்றும் கருவியின் புரதங்களான மங்க்18, சின்டாக்சின், ஸ்னாப்-25 இவற்றையெல்லாம் 'சினாப்ஸ் உருவாக்கும் புரதங்கள்' என்ற தலைப்பின் கீழ் அடுக்கி வைப்பது என் பார்வையில் தவறான தலைப்பு. ஒரு சின்ன எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன்: இவற்றில் சிலவற்றுக்கு வெளியேற்றும் வேலையைத் தாண்டி, செல் உயிரோடிருக்கவே வேறு வேலைகள் உண்டு, அதனால் நியூரான் செத்தது மௌனத்தால் மட்டும்தான் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

படி 9: பிறந்த பிறகு நடக்கும் போட்டி

வளர்ச்சி பிறப்போடு முடிவதில்லை. பிறந்த எலியின் ஒரே தசை இழையில் பல ஆக்சான்கள் ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், இரண்டு வாரத்துக்குள் ஒன்று மட்டும் மிஞ்சும். யார் ஜெயிப்பது? சில ஆக்சான்களில் மட்டும் அசிட்டைல்கோலின் தயாரிப்பை நிறுத்திப் பார்த்தார்கள், வாயடைத்தவை தோற்றன. தோற்றுப் பின்வாங்கிக்கொண்டிருக்கும் ஆக்சானுக்குப் பக்கத்தில் ஜெயிக்கும் ஆக்சானை லேசரால் அறுத்துவிட்டால், பின்வாங்கியது திரும்பி வந்து அந்த இடத்தைப் பிடிக்கிறது. அடுத்தடுத்த திட்டுகளில் நடப்பதைப் பல நாள் ஒரே எலியில் படம் எடுத்துத் தொடர்ந்தவர்கள் ஜெஃப் லிக்ட்மனும் ஜோஷ் சேன்ஸும் அவர்களது குழுக்களும். தட்டு போலத் தட்டையாக இருந்த ஏற்பித் திட்டு இந்தக் காலத்தில்தான் துளைகள் விழுந்து, வளைந்து நெளிந்து, முனையின் வடிவத்தோடு அச்சாகப் பொருந்துகிறது.

படி 10: மனிதரில் இந்தச் சங்கிலி அறுந்தால்

படித்த சங்கிலியை நோய்ப் பட்டியலோடு பொருத்திப் பாருங்கள், எந்தக் கண்ணி அறுந்தாலும் ஒரு பெயர் இருக்கும். அக்ரின், எல்ஆர்பி4, மஸ்க், டாக்7, ராப்சின், ஏற்பியின் எப்சிலான் துணை அலகு, இவற்றின் மரபணுக்களில் கோளாறு இருந்தால் பிறவியிலேயே வரும் மயஸ்தீனியாக்கள், அதாவது தசை பலவீன நோய்கள். இவற்றில் சில, குழந்தை பிறந்ததுமே தெரியும். சில, நடக்கத் தொடங்கிய பிறகு இமை தொங்குவது, படியேறத் தடுமாறுவது என்று வெளிப்படும். உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கினால் மயஸ்தீனியா கிராவிஸ். பெரும்பாலோருக்கு ஏற்பிக்கு எதிரான ஆன்டிபாடி, சிலருக்கு மஸ்க்குக்கு எதிராக (2001ல் தெரிந்தது), இன்னும் சிலருக்கு எல்ஆர்பி4-க்கு எதிராக. முனையின் கால்சியம் வாயில்களுக்கு எதிராக வந்தால் லாம்பர்ட்-ஈட்டன் என்ற இன்னொரு தசை பலவீன நோய், அதில் கணிசமானவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஒளிந்திருக்கும் என்பதால் மருத்துவர்கள் அதைத் தேடுவார்கள்.

எப்சிலான் கோளாறு உள்ளவர்கள் ஓரளவு தப்பிப்பது எப்படி என்று இப்போது உங்களாலேயே சொல்ல முடியும், கருவில் இருந்த காமா துணை அலகு கொஞ்சம் தங்கி வேலை பார்க்கிறது.

டாக்7 கோளாறு இருக்கிறதே, அது தனி ரகம். மயஸ்தீனியா என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வரும் மாத்திரை பைரிடோஸ்டிக்மின், அது அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியைத் தடுத்து இடைவெளியில் அசிட்டைல்கோலினைக் கூட்டுகிறது. ஏற்பி ஆன்டிபாடி உள்ளவர்களுக்கு அது உதவும். டாக்7 கோளாறு உள்ளவர்களுக்குப் பலமுறை நிலைமையை மோசமாக்குகிறது, மஸ்க் ஆன்டிபாடி உள்ளவர்களுக்கும் அவ்வளவாகப் பலன் தருவதில்லை. படி 5-ஐத் திரும்பப் பார்த்தால் காரணத்தை ஊகிக்கலாம். காக்கும் பக்கம் பலவீனமாக இருக்கும்போது கலைக்கும் பக்கத்துக்கு ஊக்கம் கொடுக்கிறோம். மஸ்க் ஆன்டிபாடி கொடுத்த எலிகளில் இந்த மருந்து ஏற்பிகளை இன்னும் வேகமாகக் குறைத்ததைப் பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் மரபணுப் பரிசோதனை முடிவு கையில் வருவதற்கு முன் மாத்திரையை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது என்று நரம்பியல் மருத்துவர்கள் சொல்வார்கள். டாக்7 கோளாறுக்குக் கைகொடுப்பது ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் சால்பியூட்டமால், மாத்திரையாகத் தருகிறார்கள். உடனே ஒன்றும் தெரியாது, மாதக்கணக்கில் மெதுவாகத்தான் தசை வலுப்பெறும்.